லாஞ்சர் எந்தப் பக்கம்?

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை பத்தரை மணி. இடப்பக்கக் கண்ணாடி இல்லாத ஒரு கார் சோபாக் கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் பருந்து. அவருக்கு இடப்பக்கத்தில் மனைவி கண்ணாடியம்மா. பின்சீட்டில் மகள் சில்வண்டு. வயது இருபது, வாய்க்கு மட்டும் நாற்பது.

புதிதாக வந்து சேர்ந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வந்துவிடலாம். 'பருந்து' என்பது துறைமுகம் வைத்த பெயர். நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரி நீளத்துக்கு இருக்கும் இரும்புப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கிக் கரையில் வைக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூடக் கோணலாக வைத்தவரில்லை.

'கண்ணாடியம்மா' தெரு வைத்த பெயர். கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிறாள். "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டுவிட்டு, வீட்டில் புடவை எடுத்துக் காட்டும்போதும் அதே தொனியில் கேட்பாள். சில்வண்டுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் வேண்டாம். ஐந்து நிமிஷம் பக்கத்தில் நின்றால் போதும்.

வருகிற திங்கட்கிழமை துறைமுகத்தில் புதிய கிரேன் ஓடப்போகிறது. முதல் பெட்டியைத் தூக்கப்போகிறவர் பருந்து. பெரிய அதிகாரிகள் எல்லாம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் ஸ்பிரிங் தொங்கிப்போன பழைய சோபாவுக்கு விடை கொடுக்க முடிவானது.

"நாள் பூரா கூண்டுக்குள்ள காலை மடக்கி உக்கார்றேன். வீட்டுலயாவது நீட்டிப் படுக்கற மாதிரி ஒண்ணு வாங்கலாமா?" என்று அவரேதான் கேட்டார். வாய் திறந்து தனக்கென்று எதையும் கேட்கிற மனுஷன் இல்லை. அவர் கேட்டதும் கண்ணாடியம்மாவுக்கு மனசு இளகிப்போனது.

ஆனால் போன வாரம் கார்க் கண்ணாடி தூணில் இடித்து உடைந்தது. "தூண் இருக்கற இடமே சரியில்ல" என்றார். முந்தாநாள் கதவு நிலையில் இடித்துக்கொண்டு தோள் கன்றிப்போய் வந்து நின்றார். களிம்பு தடவிவிட்டாள். அதுவும் இடது தோள். இந்த இரண்டையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது என்று சொல்வதுதான் சரி.

"ஏங்க, தண்ணி" என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமலே பாட்டிலை நீட்டிப் பார்த்தாள். அவர் வாங்கவில்லை. பாட்டில் அவர் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. வாங்கவும் இல்லை, வேண்டாமென்று தலையாட்டவும் இல்லை.

"அப்பா, அம்மா தண்ணி குடுக்கறாங்க, பாருங்க!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவர் சட்டென்று முழுத் தலையையும் திருப்பினார். "ரோட்டைப் பாத்துட்டு இருந்தேன்."

அடுத்த திருப்பத்தில் இடப்புறமிருந்து ஒரு சைக்கிள்காரர் வந்தார். கண்ணாடியம்மாவின் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. "ஏங்க!" என்று அவள் கத்திய பிறகுதான் கார் குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் இறங்கி, காரின் முன்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

"எங்கேர்ந்து வந்தான் அவன்?" என்றார் பருந்து.

அந்த ஆள் அரை நிமிஷமாகக் கண்ணெதிரே வந்துகொண்டிருந்தார்.  கண்ணாடியம்மா பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

*

கடை இரண்டு மாடி. உள்ளே நுழைந்ததும் புதுத் தோலின் வாசனை முகத்தில் அடித்தது. சுவரே இல்லாத வீடுகளின் ஹால்களை வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி சோபாக்கள்.

கழுத்தில் அளவு டேப்பை டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி தொங்கவிட்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். "எல் ஷேப்பா மேடம்? லாஞ்சரோடயா? வாங்க, வாங்க."

லாஞ்சர் என்பது எல்-லின் குட்டைக் கால். மற்ற இடத்தில் உட்காரத்தான் முடியும். அந்த ஒரு மூலை மட்டும் கட்டில் மாதிரி முன்னால் நீண்டு வந்து, காலை நீட்டிப் படுக்க இடம் தரும். சில்வண்டு முதல் லாஞ்சரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து விழுந்தாள்.

"அம்மா, நான் இங்கயே குடி வந்துடறேன். நீங்க வாரம் ஒருமுறை வந்து பாத்துட்டுப் போங்க."

"எழுந்திரு, கடைக்காரர் பாக்கறாரு."

"படுத்துப் பாக்கத்தான் மேடம் வெச்சிருக்கோம்" என்றார் டேப்காரர். "லெதரைக் கையால தடவிப் பாருங்க. விரலால அழுத்துங்க. சுருக்கம் விழுந்து மெதுவா மறையணும். அப்படின்னா நல்ல தோல். முழு லெதர்னா முதுகுப்புறம், பக்கவாட்டு, எல்லாமே தோல். பாதி லெதர்னா உக்கார்ற இடமும் கை படற இடமும் மட்டும் தோல், மிச்சமெல்லாம் ரெக்ஸின்."

கண்ணாடியம்மா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். ஹாலை அளந்து கட்டம் போட்டு வரைந்திருந்தாள். அளவு விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

"வாசல்லேர்ந்து உள்ள வந்தா எதிர்ச் சுவர்ல சோபா. வலது பக்கம் பால்கனிக் கதவு. அது உள்பக்கமா திறக்கும். இடது பக்கம் பெட்ரூமுக்குப் போற வழி. அந்தப் பக்கம் லாஞ்சர் வந்தாலும் மூணடி மிச்சம் இருக்கு."

டேப்காரர் காகிதத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எங்க கஸ்டமர் எல்லாரும் இப்படி வந்தா எனக்கு வேலையே இல்ல மேடம். அப்போ இடது பக்க லாஞ்சர். சந்தேகமே வேண்டாம்."

"வலது" என்றார் பருந்து.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"வலது பக்கம்னா கதவு இடிக்குமேப்பா" என்றாள் சில்வண்டு, படுத்தபடியே.

"பால்கனிக்கு யார் போறா? வலது பக்கமே இருக்கட்டும்."

"தினமும் துணி காயப்போடறது யாரு? நீங்களா?" என்றாள் கண்ணாடியம்மா.

"சொன்னா கேளேன். இடது பக்கம் வெச்சா வழியில இடிக்கும்."

"மூணடி இருக்குன்னு சொல்றேன்ல?"

"எனக்கு இடிக்கும்!"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வரிசையில் குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட "பரவாயில்ல, பரவாயில்ல" என்கிற மனுஷன் ஒரு சோபாவுக்காகக் கத்துகிறார். கண்ணாடியம்மா காதில் ஒரு வார்த்தை தங்கிவிட்டது. 'நமக்கு இடிக்கும்' என்று அவர் சொல்லவில்லை. 'எனக்கு' என்றார்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சமாதானம் பண்ணுகிற மாதிரி அடுத்த சோபாவுக்கு நடந்தார். நடந்தவர் இடது முழங்காலை ஒரு லாஞ்சரின் முனையில் இடித்துக்கொண்டார். "ஸ்ஸ்" என்று குனிந்து தடவிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல அங்கே தொங்கிய அட்டையைக் கையில் எடுத்தார்.

"இது நல்லா இருக்கே. லெதர்னு போட்டிருக்கு. முழு லெதர்தானே?"

டேப்காரர் தயங்கினார். "இல்ல சார். பாதி லெதர். அட்டையிலயே போட்டிருக்கு."

பருந்து அட்டையை மறுபடி பார்த்தார். பிறகு தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி இன்னொரு முறை பார்த்தார். "ஆமாம்ல. பாதி."

கண்ணாடியம்மா அட்டையை எட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் பருமனில் இரண்டே இரண்டு வார்த்தை, 'பாதி லெதர்' என்று. அவர் இரண்டாவது வார்த்தையை மட்டும் படித்திருக்கிறார். முதல் வார்த்தை அவருக்கு இல்லவே இல்லை.

கண்ணாடி, தோள், தண்ணீர் பாட்டில், சைக்கிள், முழங்கால், அட்டை. எதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க மாட்டேன் என்று அவள் முரண்டு பிடித்தாளோ, அதெல்லாம் தானாகவே வந்து வரிசையில் நின்றது.

*

ஆஸ்பத்திரியில் செய்வதை இங்கேயே செய்துவிடத் தீர்மானித்தாள். பதினெட்டு வருஷப் பழக்கம். 

"சார், கலர் சாம்பிள் இருக்கா?" என்று கேட்டாள். டேப்காரர் வளையத்தில் கோத்த தோல் துண்டுகளைக் கொண்டுவந்தார். அதில் பழுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று கழற்றிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க" என்றாள் கணவரிடம். அவர் உட்கார்ந்தார். எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள். இரண்டு முழங்கை தூரம்.

"என் முகத்தையே பாருங்க."

"முகத்தைப் பாக்கவா இங்க வந்தோம்?" என்று சிரித்தார்.

"என் நிறத்துக்கு எந்தக் கலர் பொருந்துதுன்னு சொல்லணும்ல? முகத்தை மட்டும் பாருங்க. கண்ணை நகத்தக் கூடாது."

இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தாள். அவருடைய வலப்பக்கத்தில் பழுப்பு. இடப்பக்கத்தில் கறுப்பு.

"எது நல்லா இருக்கு?"

"பழுப்பு நல்லா இருக்கு. இன்னொண்ணைக் காட்டு."

கறுப்புத் துண்டு அவள் கையில் ஆடாமல் நின்றது.

"இப்போ வலது கண்ணை மூடிக்குங்க. ஒரு கண்ணால பாத்தாத்தான் கலர் சரியாத் தெரியும்."

"இது என்ன புது வித்தை?" என்றபடி கையால் மூடினார். அவள் கறுப்பை ஆட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை அவர்.

இடது கண் மட்டும் என்றால் பரவாயில்லை, கடவுளே, இடது கண் மட்டும்தான் என்று சொல்லிவிடு என்று அவள் மனசு அரற்றியது. ஒரு கண்ணில் குறையென்றால் அது கண்ணின் குறை. அதற்கு அவளிடம் சொட்டு மருந்து உண்டு, லென்ஸ் உண்டு, தெரிந்த டாக்டர்கள் உண்டு.

"இப்போ இடது கண்ணை மூடுங்க."

மூடினார். நல்ல கண் என்று அவள் நம்பிய வலது கண் அவள் முகத்தையே பார்த்தது. கறுப்புத் துண்டை இடப்பக்கத்தில் தூக்கினாள், இறக்கினாள், விசிறி மாதிரி ஆட்டினாள்.

"சீக்கிரம் காட்டேம்மா. கண்ணு வலிக்குது" என்றார் அவர்.

இரண்டு கண்ணிலும் அதே இடப்பக்கம்தான் தெரியவில்லை. அப்படியென்றால் கோளாறு கண்ணில் இல்லை. கண்ணுக்குப் பின்னால், தலைக்குள். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு அவளே வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான் இது.

அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் கையை இறக்கினார். மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பினார். அவள் கையில் இன்னமும் ஆடிக்கொண்டிருந்த கறுப்புத் துண்டைப் பார்த்தார்.

"சோதனையா பண்ணின?" என்றார்.

"சில்வண்டு, மாடியில வேற மாடல் இருக்காம், போய்ப் பாரு. சார், கொஞ்சம் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

சில்வண்டு வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அவள் பேசாமல் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சுற்றிலும் ஆளில்லாத சோபாக்கள். நடுவில் கணவனும் மனைவியும், யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளிகள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும். ஒருநாள் பயங்கரத் தலைவலின்னு சொன்னேனே, அன்னிலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லலை? வீட்டுலயே ஒருத்தி இருக்கேன், ஊருக்கெல்லாம் பார்வை பாக்கறேன்..."

"உன்கிட்ட சொன்னா நீ சோதிப்ப. சோதிச்சா அது நிஜமாயிடும்."

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை.

"திங்கட்கிழமை மட்டும்" என்றார் அவர். "அது முடியட்டும். அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன். ஊசி போடு, கத்தி வை, என்ன வேணா பண்ணு."

"கீழ ஆளுங்க நிப்பாங்க."

"தலையைத் திருப்பிப் பாத்துப்பேன். மூணு வாரமா அப்படித்தான் ஓட்டறேன். ஒண்ணும் ஆகலையே!"

"ஒண்ணும் ஆகலைன்னு யாரு சொன்னா? உங்களுக்குத் தெரியற பக்கம் ஒண்ணும் ஆகலை."

அந்த வார்த்தை அவரைச் சுட்டுவிட்டது. விருட்டென்று எழுந்தார். "வீட்டுல நான் உன் புருஷன். உன் பேஷண்ட் இல்ல. சாவி என்கிட்ட இருக்கு, வர்றவங்க வரலாம்."

கோபத்தில் போகிற மனுஷன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போவாரா? நேராக, விறுவிறுவென்று நடந்தார். சோபாவின் இடப்பக்க முனையில், தரையில் விரித்திருந்த கம்பளத்தின்மேல், பக்கத்து வரிசைப் பெண்ணின் குழந்தை உட்கார்ந்து, விலை அட்டை ஒன்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

கண்ணாடியம்மா எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய கால் குழந்தையின் தோளில் இடித்தது. குழந்தை பக்கவாட்டில் சாய்ந்தது. அவர் தடுமாறி, கையை எங்கெங்கோ ஊன்றி, கம்பளத்தில் மண்டியிட்டு விழுந்தார்.  பிறகு குழந்தை வீறிட்டது.

தாய் ஓடிவந்து வாரி எடுத்தாள். தோளைப் பார்த்தாள், தலையைத் தடவினாள். ஒன்றும் இல்லை. கம்பளம் காப்பாற்றியிருந்தது. ஆனால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

"இவ்வளவு பெரிய குழந்தை உக்கார்ந்திருக்கு, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

கடைவீதியில், பஸ்ஸில், எங்கும் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். பருந்து மண்டியிட்டபடியே அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார். "மன்னிச்சுடு. தெரியலை."

அவர் சொன்ன விதத்தில் அந்தப் பெண்ணின் கோபம் பாதியில் நின்றுவிட்டது. குழந்தையை அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

மாடிப்படியில் சில்வண்டு நின்றுகொண்டிருந்தாள். பருந்து எழுந்து, பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார். 

டேப்காரர் ஆர்டர் படிவத்தோடு வாசல்வரை பின்னாலேயே வந்தார். "மேடம், இன்னொரு நாள் வேணும்னாலும் வாங்க..."

இப்போது வேண்டாம் என்று போய்விட்டால், தன் வாழ்க்கையே முடிந்துபோனதாகப் பருந்து எடுத்துக்கொள்வார் என்று கண்ணாடியம்மாவுக்குத் தோன்றியது. நின்று, படிவத்தை வாங்கினாள்.

"முழு லெதர். பழுப்பு. லாஞ்சர் வலது பக்கம்."

"பால்கனிக் கதவு மேடம்?"

"கதவை வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாத்திக்கறோம்" என்று கையெழுத்துப் போட்டாள்.

*

லைசன்ஸ் வாங்கி நாலு மாதமே ஆன சில்வண்டு வண்டி ஓட்டினாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. பின்சீட்டில் கண்ணாடியம்மா தன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனில் பேசினாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் அவ்வளவு சின்ன காருக்குள் ரகசியம் எங்கே தங்கும்?

"அம்மா, அப்பாவுக்கு என்ன?" என்றாள் சில்வண்டு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியலைடி. தெரிஞ்சுக்கத்தான் போறோம்."

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான். நீ ரோட்டைப் பாரு."

சனிக்கிழமை மதியம் கண் ஆஸ்பத்திரி காலியாக இருந்தது. பார்வைப் பரப்பு சோதிக்கும் அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடியம்மா மெஷினைப் போட்டாள். உள்ளே வெள்ளைக் கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு திரை. நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும்.

கணவரின் முகவாயைத் தாங்கியில் வைத்தாள். ஒரு கண்ணைப் பஞ்சால் மூடினாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அது சோதனையில் சேராது.

"வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க. தெரியலைன்னா சும்மா இருங்க. ஊகிச்சு அழுத்தக் கூடாது."

"ஏமாத்த மாட்டேன்" என்றார்.

மெஷின் ஓடியது. வலப்பக்கம் மின்னியபோதெல்லாம் 'டிக், டிக்' என்று பொத்தான் சொன்னது. இடப்பக்கம் மின்னியபோது அறை அமைதியாக இருந்தது. ஒவ்வொரு அமைதிக்கும் அவள் மூச்சைப் பிடித்தாள். அழுத்துங்களேன், ஒரே ஒரு தடவை அழுத்துங்களேன் என்று உதட்டைக் கடித்தாள். எத்தனையோ பேருடைய மனைவிமார் இந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காகிதம் வெளியே வந்தது. இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டம். இரண்டிலும் இடது பாதி மை கொட்டின மாதிரி கறுப்பு.

டாக்டரம்மா வந்து காகிதத்தைப் பார்த்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. "பார்வை போற பாதையில, மூளைக்குள்ள ஏதோ தடை இருக்கு. அடைப்பா, வேற ஏதாவதான்னு ஸ்கேன் பாத்தாத்தான் சொல்ல முடியும். எதிர் ஆஸ்பத்திரியில பேசிட்டேன். இப்பவே போங்க. திங்கட்கிழமை இல்ல, நாளைக்கு இல்ல, இப்பவே."

"வேற ஏதாவதுன்னா?" என்று சில்வண்டு கேட்டாள்.

டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார். 

எதிர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறைக்கு வெளியே நீளமான பெஞ்ச். பருந்துக்கு அங்கியை மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். மடியில் அந்தக் காகிதம். கறுப்புப் பகுதியின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவா?" என்றார்.

"ம்."

"நான் கொஞ்சம் மங்கலா இருக்குன்னுதான் நெனச்சேன். இது பாதி உலகம்." விரலைக் கறுப்புக்கு நடுவில் நிறுத்தினார். "கொடிக்காரன் இங்கதான் நிப்பான்."

கொடிக்காரர் அவருடைய நண்பர். கிரேனுக்குக் கீழே நின்று, கொடி காட்டிப் பெட்டியை இறக்கச் சொல்பவர். பதினைந்து வருஷமாக மேலே இவர், கீழே அவர்.

"போனைக் குடு" என்றார்.

கண்ணாடியம்மா தயங்கினாள். "இப்போ எதுக்கு? முதல்ல ஸ்கேன் முடியட்டும்."

"முடிஞ்சு நல்ல பதில் வந்துட்டா நான் மறுபடியும் வாயை மூடிக்குவேன். என்னை எனக்குத் தெரியும். இப்பவே குடு."

எண்ணை அவரே அழுத்தினார். மணி அடித்தது.

"டேய், நான்தான்டா பேசறேன்... இல்ல, வீட்டுல இல்ல. கேளு. திங்கட்கிழமை நான் ஏறலை. ஏற மாட்டேன். எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியலை. மூணு வாரமா... ஆமாம்டா, தெரிஞ்சேதான் ஏறினேன். நீ நிக்கற பக்கம் எனக்குக் கறுப்பு. அதிகாரிகிட்ட நானே சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு..."

குரல் உடைந்தது. கல்யாணமானதிலிருந்து கண்ணாடியம்மா கேட்காத குரல். சில்வண்டு அப்பாவின் இடப்பக்கமிருந்து எழுந்து, சுற்றி வந்து, வலப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் கையை அவர் இறுகப் பிடித்தார்.

பிறகு கொடிக்காரர் பேச ஆரம்பித்தார். பருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க முகம் வெளிறிப்போனது.

"என்னங்க? என்ன சொல்றாரு?"

"அவனுக்குத் தெரியுமாம்" என்றார் மெதுவாக. "பத்து நாளா அவனே இடம் மாறி வலது பக்கம் வந்து நிக்கறானாம். நான் கவனிக்கவே இல்ல."

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. பச்சை உடுப்பு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "உள்ள வாங்க சார். மோதிரம், கடிகாரம், போன் எல்லாம் வெளிய குடுத்துடுங்க."

அவர் எழுந்தார். போன் இன்னும் காதில் இருந்தது. எதையோ கேட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"சார்" என்றாள் நர்ஸ்.

அவர் போனை மனைவியின் கையில் வைத்தார். "நீ கேளு" என்றார். "என்னால முடியலை." தலையை இடப்பக்கம் நன்றாகத் திருப்பி, கதவு நிலையைப் பார்த்து, அதில் இடிக்காமல் உள்ளே போனார். கதவு மூடியது.

கண்ணாடியம்மா போனைக் காதில் வைத்தாள். ஆள் மாறியது தெரியாமல் கொடிக்காரர் பேசிக்கொண்டே இருந்தார்.

"...உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்டா. இடது பக்கம் நின்ன ஆளை உன் பெட்டி இடிச்சுது, நீ வேணும்னு பண்ணலை, எனக்குத் தெரியும். அதான் அவனே வழுக்கி விழுந்துட்டான்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா அவன் சம்சாரம் இன்னிக்குக் காலையில என் வீட்டு வாசல்ல வந்து நிக்கறா. கால் இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். நான் அவகிட்ட என்னடா சொல்லட்டும்?"

கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

"ஹலோ?" என்றார் கொடிக்காரர். "ஹலோ, இருக்கியா?"

"நான் அவர் வீட்டுல பேசறேன்ணே" என்றாள் கண்ணாடியம்மா. "அந்தம்மா எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க. நானே போய்ப் பாக்கறேன்."